ராசிச் சொட்டை

விருதுநகர் பட்டறைக்காரர்கள் மத்தியில் என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. முத்தையா மேஸ்திரிக்குக் கடைசிக் காலத்தில் கண் மங்கிப்போய்விட்டதாம், பெயின்ட் அடித்து பாலிஷ் போட்டு முடித்த பிக்கப் கேபினைத் தானே சுத்தியலால் அடித்து, பள்ளம் விழச் சொட்டையாக்கிவிட்டாராம். போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர் இலைக்காரர் இந்தக் கதையை எனக்கே சொன்னார். நான்தான் அந்த முத்தையா என்று அவருக்குத் தெரியாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அடித்தது உண்மை. ஆனால் கண் நன்றாகத் தெரிந்துதான் அடித்தேன், அடிக்கச் சொன்னதால் அடித்தேன். வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியவர் போன வருசம் காலமாகிவிட்டார். இனி நான் வாயை மூடிக்கொண்டு இந்தக் கெட்ட பெயரைச் சுமக்க வேண்டிய அவசியமில்லை.

டிங்கர் வேலையை நான் பழகியது பரமசிவம் மேஸ்திரியிடம். பழகிய வருசங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தகடு அடித்தேன், திட்டு வாங்கவில்லை. அவர் யாரையும் திட்ட மாட்டார். திட்டியிருந்தால் தேவலை. ஒரு கதவை நெளிசல் எடுத்து நிமிர்த்தி, முடிந்தது என்று கூப்பிட்டால் வருவார். தோளில் கிடக்கும் துண்டைக் கதவின் மேல் விரிப்பார். வெறும் கை தகட்டில் ஒட்டும், துணிக்கு மேலே வழுக்கிக்கொண்டு போகும், மேடு பள்ளம் சுலபமாகத் தட்டுப்படும். பார்வை எங்கேயோ இருக்கும், மழை பெய்யுமா, வத்தல் விலை என்ன என்று பேசிக்கொண்டே தடவுவார். ஒரு இடத்தில் கை நிற்கும். உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். மறுபடி செய் என்று அர்த்தம். எந்த இடம் என்று சொல்லவே மாட்டார்.

"எங்கன மேஸ்திரி?" என்று கேட்டால், "ஒனக்கும் கை இருக்குல்லலே" என்பார்.

அந்த ஒரு பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் ஏறிக் கிடந்தது. ஆனால் பிற்காலத்தில் நானும் துண்டைத்தான் விரித்தேன். இப்போதுள்ளவர்கள் அடிபட்ட கதவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக்கதவு வரவழைத்து மாட்டிவிடுகிறார்கள். அது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அந்த வசதி எனக்கு இருந்திருந்தால் என் முட்டி இப்படித் தேய்ந்திருக்காது.

விசயத்துக்கு வருகிறேன். சூலக்கரைப் பக்கம் என் பட்டறை இருந்தது. அதை மூடிவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் விஸ்வநத்தத்திலிருந்து தனபால் முதலாளி வந்தார். பட்டாசுக் கம்பெனிக்காரர். அவரும் தம்பி செல்வமும் சேர்ந்து நடத்துகிறார்கள். அவர்களுடைய அப்பா தொழில் தொடங்கிய காலத்தில் செகண்ட் ஹாண்டில் வாங்கிய வட்ட மூக்குப் பிக்கப் ஒன்று கம்பெனிக்குப் பின்னால் கிடந்தது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்றார்.

போய்ப் பார்த்தேன். பார்த்ததும் திரும்பி வந்துவிடலாம் என்று இருந்தது. மழைக்குக் காம்பவுண்டுச் சுவர் இடிந்து கேபின் மேலேயே விழுந்திருக்கிறது. கூரை ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. வலது கதவு புத்தகம் மாதிரி மடிந்திருந்தது. வருசக்கணக்கில் வெடியுப்பு லோடு ஏற்றியதில் தரைத் தகட்டை உப்பு தின்றுவிட்டது. அந்த ஓட்டை வழியாக ஒரு வேலிக்கருவேலஞ்செடி முளைத்து, கண்ணாடி இருந்த இடத்தின் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"முதலாளி, இது இரும்புக் கடைக்குப் போற சரக்கு" என்றேன்.

"அப்பிடிச் சொல்லாதீக மேஸ்திரி. அப்பா ஓட்டின வண்டி. எங்கம்மா இதுல ஒரு தடவகூட ஏறினதில்ல. இந்தச் சீசன் மொத லோடு பூசைக்கு அம்மாவ இதுல உக்கார வச்சு நானே ஓட்டிக்கிட்டுக் கம்பெனிக்கு வரணும். அம்மாவுக்கு நெஞ்சு பலகீனமா இருக்குன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அடுத்த சீசனுக்கு இருப்பாகளோ என்னமோ."

அந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். சரி, எப்படி வேண்டும் என்று கேட்டேன்.

"பழசு மாதிரியே இருக்கணும். ஆனா புதுசாவும் இருக்கணும்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டுந்தான் மேஸ்திரி."

இந்த வாக்கியத்தை அவர் வாரத்துக்கு ஒரு தடவை வந்து சொன்னார். தம்பி செல்வம் வந்தால் வேறு பாட்டு. ஏசி வைக்கலாமா, பின்னால் கேமரா வைக்கலாமா, பாட்டுப் பெட்டிக்கு இடம் விடுவீகளா என்று கேட்பார். சென்னையில் இருக்கும் தங்கச்சி போனில் வந்து, பச்சைதான் கலர், அந்தப் பச்சை இல்லை, இன்னொரு பச்சை என்பார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே பச்சையைச் சொன்ன நாளே கிடையாது.

வண்டி பட்டறைக்கு வந்ததும் நான் முதலில் செய்தது கழுவியதுதான். பட்டாசு ஏற்றிய வண்டியில் கேஸ் வெல்டிங் பற்றவைப்பதற்கு முன்னால் கழுவாவிட்டால் எழுதுவதற்கு நான் இருந்திருக்க மாட்டேன். கதவுகளின் உள்பக்கம், தூண்களின் பொந்து, சீட்டுக்கு அடிப்பகுதி என்று கை போகாத இடமெல்லாம் மருந்துத்தூள் அடைந்து கிடக்கும். ஹோஸ் குழாயை உள்ளே செருகித் தண்ணீர் அடித்தோம். வெள்ளி நிறத்திலும் கறுப்பாகவும் சேறு வடிந்தது. வெயிலில் காயவைத்து, தட்டி, மறுபடி கழுவினோம். தண்ணீர் சுத்தமாக வரும் வரைக்கும் பட்டறையில் ஒரு பீடிகூடப் பற்றவைக்க விடவில்லை.

"காஞ்சு போன பழைய மருந்து மேஸ்திரி, ஒண்ணும் செய்யாது. எம்புட்டு நாளைக்குக் கழுவிக்கிட்டே இருப்பீக?" என்றார் தனபால் முதலாளி.

"உங்க கம்பெனியில வந்து நான் இப்பிடிப் பேசுனா விட்ருவீகளா?"

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே ஹோஸைப் பிடித்தார். அந்த மனுசரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது, அதுதான் தொல்லை.

கூரையை நிமிர்த்தியது பெரிய வேலை. உள்ளே ஜாக்கியை நிறுத்தி, அதன் தலையில் மரப்பலகை வைத்து, கொஞ்சம் ஏற்றிவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரே மூச்சில் தூக்கினால் தகடு கிழிந்துவிடும். தூக்கிய பிறகும் சுலபமில்லை. நசுங்கிய தகடு நீண்டு போயிருக்கும், ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் 'டொப்' என்று எழும்பும். அங்கங்கே சிறிய வட்டமாகச் சூடாக்கி, சிவந்ததும் மெல்லத் தட்டி, ஈரத்துணியை வைத்துச் சுருங்கவைக்க வேண்டும். சூடு கூடினால் கோணிக்கொள்ளும், குறைந்தால் சுருங்காது. தரைக்கும் வலது கதவின் கீழ்ப்பாதிக்கும் புதுத்தகடு வெட்டிவைத்தேன். மற்றதெல்லாம் பழைய தகடேதான். பள்ளத்தை மறைக்கப் பட்டி மாவைப் பூசி மொழுகுகிற வேலை என்னிடம் கிடையாது.

இடது கதவுக்கு அதிகம் அடிபடவில்லை. சுவர் வலது பக்கமாகச் சரிந்ததால் தப்பித்திருந்தது. ஆனால் ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஆழமாக ஒரு வட்டச் சொட்டை இருந்தது. அது சுவர் விழுந்து வந்ததில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது, பள்ளத்துக்குள்ளேயும் பழைய பெயின்ட் அடுக்கடுக்காக இருந்தது. பல தடவை பெயின்ட் அடித்திருக்கிறார்கள், ஒருவனுக்கும் இதை எடுக்கத் தோன்றவில்லை. எந்தச் சோம்பேறி பட்டறைக்காரன் இப்படி விட்டு வைத்தான் என்று வைதுகொண்டே டாலி இரும்பை உள்ளே முட்டுக் கொடுத்து, வெளியே தட்டித் தட்டி எடுத்தேன். துண்டை விரித்துத் தடவிப் பார்த்தேன். கை எங்கேயும் நிற்கவில்லை. அந்தக் கேபினிலேயே எனக்கு ரொம்பத் திருப்தியான இடம் அதுதான்.

கடைசியில் ஒரு பச்சையும் முடிவாகி, சீட்டு, கண்ணாடி எல்லாம் ஏறி வண்டி தயாரானது. பூசைக்கு நாள் குறித்துவிட்டு, அதற்கு முன்னால் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று அண்ணன் தம்பி இருவரும் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கனகம்மாள் என்று பெயர். பேக்கிங் ஷெட்டை முழுக்க ஒரு காலத்தில் அவர்தான் பார்த்துக்கொண்டாராம். ஒல்லியான உடம்பு, கையில் ஊன்றுகோல். யாரும் பிடிக்க விடாமல் தானாகவே வண்டியைச் சுற்றி வந்தார். இடது கதவுக்குப் பக்கத்தில் நின்றார். ஜன்னலுக்குக் கீழே கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"நான் இதுல ஏறல. வீட்டுக்கு விடுங்க."

நேராகக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். எங்கள் மூவருக்கும் ஒன்றும் புரியவில்லை. வேலையில் குறையா, கலர் பிடிக்கவில்லையா என்று நான் வண்டியைச் சுற்றி வருகிறேன், தனபால் முதலாளியும் சுற்றி வருகிறார். திடீரென்று நின்றார்.

"மேஸ்திரி, அந்த ராசிச் சொட்டை எங்க?"

"எந்தச் சொட்டை?"

"அப்பா எடுக்கவே விட மாட்டாரு மேஸ்திரி. பெயின்ட் அடிக்க வர்றவுககிட்டல்லாம், 'அது ராசி விசயம், அதுல கை வைக்காதே'ன்னு சொல்லுவாரு. மொத லோடு போனப்ப விழுந்த சொட்டை. அதுக்கப்புறந்தான் கம்பெனி வளந்துச்சு. நீங்க ராசிய எடுத்துட்டீக. அதான் அம்மா ஏற மாட்டேங்காக."

எனக்கு உச்சந்தலைக்குச் சூடேறியது. "சுவரு விழுந்து வண்டி பூரா சொட்டையா வந்துச்சு. அதுல எது ராசி, எது ராசி இல்லன்னு பேரு எழுதியா ஒட்டியிருந்துச்சு?"

"பழசு மாதிரியே இருக்கணும்னு சொன்னேன்ல?"

"புதுசாவும் இருக்கணும்னு சொன்னீகளே முதலாளி."

சரி, எந்த இடத்தில் இருந்தது, சொல்லுங்கள், மறுபடி போட்டுத் தொலைக்கிறேன் என்றேன். டிரைவர் தலைக்கு மேலே, கூரை ஓரத்தில் என்றார் அண்ணன். இல்லவே இல்லை, வலது கதவுப் பிடிக்குக் கீழே என்றார் தம்பி. தங்கச்சிக்குப் போன் போட்டால், பின் கண்ணாடிக்கு அடியில் என்று சத்தியம் செய்கிறார். இடது கதவை யாரும் சொல்லவில்லை, நானும் அதை யோசிக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே போட்டோவில் ஆயுத பூசை மாலை வண்டியை மறைத்துக்கொண்டிருந்தது. ரெண்டு சீசனாக ஆர்டர் சரியில்லை, மழை வேறு கெடுத்துவிட்டது என்ற கவலை அவர்களுக்கு. ராசியும் போய், அம்மாவும் ஏறாவிட்டால் பூசையே வேண்டாம் என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. பழி முழுக்க என் தலையில்.

அதன்பின் ஒருநாள் மத்தியானம் பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கனகம்மாள் மட்டும் இறங்கினார். டாக்டரைப் பார்க்க விருதுநகருக்கு வந்தாராம். டிரைவரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, நான் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சாப்ட்டீகளா தம்பி?"

"ஆச்சும்மா."

"எம் புள்ளைக ஒங்களப் போட்டுப் பாடாப் படுத்துறானுகளாமே. எங்கன சொட்டை போடணும்னு சண்டையாமே."

அதுவரை அடக்கிவைத்திருந்ததையெல்லாம் அவரிடம் கொட்டிவிட்டேன். "அம்மா, நீங்களாவது சொல்லுங்க. அந்த ராசி எங்கதான் இருந்துச்சு? சொல்லிட்டீகன்னா அடிச்சு வச்சுட்டு நான் கடைய மூடிட்டுப் போயிருவேன்."

அவர் ஊன்றுகோலை நீட்டி இடது கதவைக் காட்டினார். "அங்கன. சன்னலுக்குக் கீழ. மொத லோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் செம்பால எறிஞ்சது."

அவர் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வெம்பக்கோட்டை பக்கத்துல எங்கய்யா எனக்குச் சீதனமாக் குடுத்த கரிசக்காடு. பருத்தி போட்டிருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல அவரு. வித்துட்டு இந்த வண்டியோட வந்து நிக்காரு. ஆரன் அடிச்சு, உள்ள இருந்தபடியே இந்தக் கதவத் திறந்துவிட்டு, 'ஏறு கனகு, ஒரு சுத்து போயிட்டு வருவோம்'ங்காரு. சிரிப்பு வேற. என் கையில தண்ணிச் செம்பு இருந்துச்சு. தண்ணியோட விட்டெறிஞ்சேன். இழுத்து அடச்சாரு பாத்துக்கிடுங்க, சரியா கதவுல விழுந்துச்சு."

"அவுக என்ன சொன்னாக?"

"என்ன சொல்லுவாரு. தப்பு அவரு மேல. 'நீ ராசியாகுற மட்டும் இந்தச் சொட்டை இங்கனயே இருக்கட்டும்'னாரு. நான் ராசியாகல. இந்த வண்டியில ஏற மாட்டேன்னுட்டேன். திருவிழாவுக்கு நான் பஸ்ஸுல போவேன். அவரு இந்த வண்டிய ஓட்டிக்கிட்டு பஸ்ஸுக்குப் பின்னாலயே வருவாரு. பெயின்டுக்காரன் கேட்டா, 'இது ராசி விசயம், கை வைக்காதே'ம்பாரு. புள்ளைக அத அதிர்ஷ்டம்னு நெனச்சுக்கிட்டானுக."

எங்கள் பக்கம் சண்டை போட்டவர்கள் மறுபடி சேர்ந்துகொண்டால் ராசியாகிவிட்டார்கள் என்போம். நான் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

"பேசாமலா இருந்தோம்? பேசுனோம், சாப்பிட்டோம், புள்ள பெத்தோம், கம்பெனி நடத்துனோம். இது ஒண்ணுதான். நானா வந்து ராசின்னு சொல்லணும்னு அவரு இருந்தாரு. அவரா ஒருநா அந்தச் சொட்டைய எடுத்துட்டு வந்து நிக்கட்டும்னு நான் இருந்தேன். அப்பிடியே போயிட்டாரு."

ஊன்றுகோலை மடியில் சாய்த்துக்கொண்டார். பிறகு, "அன்னைக்கு வந்து கைய வச்சா வழுவழுன்னு இருக்கு. அவரே எடுத்த மாதிரி இருந்துச்சு தம்பி. அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. புள்ளைக முன்னால எப்பிடி அழ? அதான் ஏற மாட்டேன்னு போயிட்டேன்" என்றார்.

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "மறுபடி அங்கனயே அடிச்சு வச்சிரட்டுமாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஐயையோ, வேண்டாம். அவனுக எங்க கேக்கானுகளோ அங்கன ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க. இந்தக் கதவுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. நான் இருக்குற மட்டும் இத அவனுககிட்டச் சொல்லாதீக. ராசி ராசின்னு அப்பனக் கும்புடுறானுக. கும்புட்டுட்டுப் போறானுக."

வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் அண்ணன் தம்பியை வரச் சொல்லி, ஒரு இடத்தை முடிவு பண்ணுங்கள் என்றேன். மூத்தவர் சொல் ஜெயித்தது, கூரை ஓரம். சுத்தியலுக்குத் தோல் சுற்றி, கண்ணாடி மாதிரி மின்னிய என்னுடைய பெயின்டின் மேலே நானே அடித்தேன். எத்தனையோ வருசம் சொட்டை எடுத்த கை, சொட்டை போட மாட்டேன் என்று அடம்பிடித்தது. "இன்னும் கொஞ்சம் ஆழமா இருந்துச்சு மேஸ்திரி" என்றார் அண்ணன். அடித்தேன். "ரொம்ப ஆழமாப் போச்சே" என்றார் தம்பி. தங்கச்சி வீடியோ காலில் பார்த்துவிட்டு, வட்டமாக இல்லையே என்றார். பட்டறை ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் வெளியே சொல்லி, வாய்க்கு வாய் திரிந்து கிளம்பியதுதான் அந்தக் கண் மங்கின கதை. கடைசியில் தனபால் முதலாளி அந்தப் பள்ளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதேதான் மேஸ்திரி, அச்சு அசல் இதேதான்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பூசை அன்று வண்டியை அவர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தினோம். கூரைச் சொட்டைக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தனியாக ஒரு மாலையும் போட்டிருந்தார்கள். கனகம்மாள் அரக்குக் கலர் பட்டுச் சேலையில் வந்தார். கூரைப் பக்கம் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக இடது கதவுக்கு வந்தார். கை கொடுக்க வந்த மகனை விலக்கிவிட்டு, கதவைப் பிடித்து, படியில் கால் வைத்துத் தானாகவே ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையை வெளியே போட்டார். உள்ளங்கை அந்த இடத்தில் விழுந்தது. அங்கேயே இருந்தது.

தனபால் முதலாளிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. டிரைவர் சீட்டுக்குப் போகிற வழியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீகளா மேஸ்திரி? சொட்டைய வச்சதும் அம்மா ஏறிட்டாக. நான் சொன்னேன்ல, ராசின்னு."

"ஆமா முதலாளி," என்றேன். "ராசியாயிட்டாக."